அலைச்சறுக்குப் பலகைத் தொழிலும் அதன் விருத்தியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைத்தொழில் விருத்தி என்னும் பொருள் பற்றி இம்மண்டபத்தில் பலர் பலமுறை பேசியிருக்கின்றனர். நெசவைப் பற்றியும், தச்சைப் பற்றியும், அச்சுத்தொழிலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட தொழிலோ உங்களிற் சிலருக்கு விளையாட்டாகத் தோன்றக்கூடும். கடலலையின்மேல் நின்று சறுக்கி வருவதற்குரிய பலகையைச் செய்யும் தொழிலே அது. விளையாட்டுச் சாமான் செய்வதில் நாம் அறியத்தக்கது யாது என்று கேட்பீர்களாயின், சொல்லுகிறேன். சிறு பட்டறை பெரும் பட்டறையாக வளரும்போது எவ்விடத்தில் கால் இடறுகிறது என்பதை இத்தொழிலைப்போல் வெளிப்படையாகக் காட்டுவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு பலகையும் ஒரு மனிதனுடைய எடைக்கும் உயரத்திற்கும் பழக்கத்திற்கும் ஏற்ப அளவெடுத்துச் செய்யப்படுவது. அவ்வகையில் அது தையற்காரனுடைய தொழிலை ஒக்கும். ஆனால் அது ஆகும் பொருள்களோ, பட்டறைக்காரன் தானே செய்துகொள்ள இயலாத இரசாயனப் பொருள்கள். அளவு தன் கையிலும் பொருள் பிறர் கையிலும் இருப்பதே இத்தொழிலின் நிலை.

முதலில் பலகை இன்னதென்று அறிந்துகொள்வோம். ஹவாய்த் தீவினர் பழங்காலத்திலேயே மரப்பலகைகளின்மேல் அலையூர்ந்தனர். அப்பலகைகள் மிகவும் கனமானவை. டாம் பிளேக் என்ற அமெரிக்கர் 1920-களில் உள்ளே கூடான பலகையைச் செய்து, 1932-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் ஈக்குவடார் தேசத்திலிருந்து வரும் பால்ஸா என்னும் இலேசான மரம் வழக்கத்திற்கு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின், யுத்தத் தேவைகளுக்காக வளர்ந்த கண்ணாடியிழைத் துணியும் ரெசின் என்னும் செயற்கைப் பிசினும் கலிபோர்னியாவின் பலகைக்காரர் கைக்கு எட்டின. அது முதல் இஃது ஒரு கலப்புப்பொருள் தொழிலாயிற்று.

கலப்புப்பொருள் என்பதன் கருத்து எளியது. நடுவில் இலேசான நுரைக்கட்டை. மேலும் கீழும் ரெசினில் நனைந்து இறுகிய கண்ணாடியிழைத் தோல். பலகை வளையும்போது ஒரு பக்கத்துத் தோல் இழுபடும். மறுபக்கத்துத் தோல் அமுங்கும். நடுவிலுள்ள நுரை இவ்விரண்டும் ஒன்றையொன்று நெருங்காமல் நிறுத்திவைக்கிறது. தனியே எடுத்தால் நுரை விரலால் அழுத்தினாலே குழிந்துவிடும், துணியோ வெறுந்துணி. சேர்ந்தபோது ஒரு மனிதனைத் தாங்கிக்கொண்டு பேரலையில் பாய்கின்றது.

இனித் தொழிலின் வரலாற்றுக்கு வருவோம். ஹோபி ஆல்ட்டர் என்னும் இளைஞர் கலிபோர்னியாவில் லகூனா பீச் என்னும் ஊரில் தம் குடும்பத்தாரின் வண்டிக்கொட்டகையிலே பலகை செய்யத் தொடங்கி, 1954-ல் டேனா பாயின்ட் என்னுமிடத்தில் ஒரு கடை திறந்தார். கடை நன்றாகவே நடந்தது. ஆனால் பால்ஸா மரம் வேண்டியபோது வேண்டிய தரத்தில் கிடைப்பதில்லை. ஒரு கட்டை இலேசாக இருக்கும், மற்றொன்று கனக்கும். வாடிக்கைக்காரர் பெருகினாலும் மரம் பெருகவில்லை. இந்நிலையில் அவர் செய்தது கவனிக்கத்தக்கது. தம்மிடம் ரெசின் பூசும் வேலை செய்துவந்த கோர்டன் கிளார்க் என்பவரோடு சேர்ந்து, பாலியூரிதேன் என்னும் நுரையை அச்சில் வார்க்கும் பரீட்சையில் இறங்கினார். லகூனாவை அடுத்த பள்ளத்தாக்கு ஒன்றில் பிறர் கண்ணிற்படாத கொட்டகையில் அந்தப் பரீட்சை நடந்தது. டேவ் ஸ்வீட் என்னும் மற்றொருவர் 1956-லேயே நுரைப்பலகை செய்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆல்ட்டரும் கிளார்க்கும் 1958-ல் தங்கள் நுரைப்பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அடுத்த ஆண்டு, 1959-ல், 'கிட்ஜெட்' என்னும் சினிமாப் படம் வெளியாயிற்று. கடற்கரையை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகளும் அலைச்சறுக்குப் பலகை வேண்டுமென்று கேட்கலாயினர். மரத்தை நம்பியிருந்தவர் கைபிசைந்து நின்றனர்; நுரையை வசப்படுத்தியவர் தேவைக்கு ஏற்பப் பலகையைப் பெருக்கினர். அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லக்கூடும். படம் வரப்போவதை அவர்கள் அறியார்; ஆனால் தொழிலின் கழுத்தை நெரிப்பது மரமே என்பதை அறிந்திருந்தனர்.

அக்காலத்தில் அவர்களினும் பேர்பெற்ற பலகைக்காரர் டேல் வெல்ஸி என்பவர். கைத்திறமையில் அவருக்கு நிகர் சிலரே. பல கடைகள் நடத்தினார். வரி நிலுவைக்காக 1959-ல் அரசாங்கத்தார் அக்கடைகளைப் பூட்டினர். தேவை பொங்கியெழுந்த அதே ஆண்டில் அவருக்கு இது நேர்ந்தது. அவருடைய பலகையில் குறையொன்றுமில்லை; குறை கணக்கிலே. இதற்குமேல் இதைப் பற்றிப் பேச வேண்டுவதில்லை. பேரேடு எழுதத் தெரிந்தவர்கள் முன்னிலையில் பேசுகிறேன்.

நிற்க. கிளார்க் 1961-ல் தனியே பிரிந்து, நுரைக்கட்டை வார்ப்பதையே தம் தொழிலாகக் கொண்டார். அவர் பலகை செய்து விற்பதில்லை. பலகை செய்வோர்க்குக் கட்டை விற்பார். பலவகை நீளத்திற்கும் வளைவிற்கும் வெவ்வேறு அச்சுகள் வைத்திருந்தார். கட்டையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவே மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வைத்து ஒட்டிக் கொடுப்பார். பட்டறைக்காரன் மின்சார இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் அதை இழைத்துத் தேய்த்து வேண்டிய உருவத்திற்குக் கொண்டுவந்தால் போதும். இதனால் விளைந்த நன்மை பெரிது. ஒரு கொட்டகையும் சில கருவிகளும் கைப்பழக்கமும் உள்ள எவனும் பலகைப் பட்டறை வைக்கலாம் என்றாயிற்று. சிறு முதலுடையோர்க்குக் கதவு திறந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் எழுந்தன. கட்டையின் விலை மலிவு, தரம் ஒரேமாதிரி. போட்டிக்கு வந்த வேறு வார்ப்படக்காரர் பெரும்பாலும் நிலைக்கவில்லை. காலப்போக்கில் அமெரிக்காவில் விற்ற நுரைக்கட்டைகளில் மிகப்பெரும் பகுதி அந்த ஒருவருடைய சாலையிலிருந்தே வந்தது.

2005-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி, திங்கட்கிழமை. கிளார்க் தம் வாடிக்கைக்காரர்களுக்கு ஏழு பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பினார். சாலையை மூடிவிட்டதாக அதில் எழுதியிருந்தது. முன்னறிவிப்பு இல்லை, தவணை இல்லை. சுற்றுப்புறச் சுகாதாரம், தீப்பாதுகாப்பு, தொழிலாளர் நஷ்டஈடு இவை குறித்து அதிகாரிகளிடமிருந்து வரும் தொல்லைகளைக் காரணமாகக் காட்டினார். அச்சுகளையும் பிறர் கையில் விடாமல் உடைக்கச் செய்தார். பலகைக்காரர்கள் அந்நாளை 'கட்டையற்ற திங்கள்' என்று கருத்துப்படும் ஒரு பெயரால் இன்றும் குறிப்பிடுகின்றனர். கையிருப்பில் பத்துக் கட்டை வைத்திருந்தவன் பணக்காரனானான். ஆர்டரை மட்டும் வைத்திருந்தவன் திகைத்தான். ஐம்பது வருஷப் பெயர் பெற்ற பட்டறைகளும் மறுநாள் காலையில் இழைப்பதற்குக் கட்டையின்றி நின்றன.

கிளார்க் செய்தது சரியா தவறா என்று நியாயம் பேச நான் வரவில்லை. தன் சாலையைத் தான் மூட ஒருவனுக்கு உரிமை உண்டு. நாற்பது வருஷமாக ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர்கள் இரண்டாவது கிணற்றைப் பற்றி எண்ணாமலிருந்ததே எனக்கு ஆச்சரியமாயிருக்கிறது. மலிவும் தரமும் நம்மை எவ்வளவு எளிதில் உறங்கவைக்கின்றன! பின்னர் ஆஸ்திரேலியா முதலிய தேசங்களிலிருந்து கட்டைகள் இறக்குமதியாயின. அமெரிக்காவிலும் புதிய வார்ப்படக்காரர் தோன்றினர். தெர்மாகோல் என்று நாம் அழைக்கும் பாலிஸ்டைரீன் நுரையின்மேல் எபாக்ஸி ரெசின் பூசிச் செய்யும் பலகை, அதுவரை ஓரமாயிருந்தது, முன்வரிசைக்கு வந்தது. இடுக்கண் வந்த பின்னரே அவ்வழிகளைப் பலர் கற்றனர். இரண்டு முறைகளையும் முன்னரே பழகியிருந்த சிறு பட்டறைகளுக்கோ அது வளர்ச்சிக்குச் சந்தர்ப்பமாயிற்று.

இனி, வளர்ச்சி என்பது உண்மையில் பட்டறையின் எவ்விடத்தில் நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். ஆர்டர் பெருகியவுடன் பலகைக்காரன் முதலில் எண்ணுவது, இழைக்கும் ஆள் இன்னொருவன் வேண்டும் என்பதே. பெரும்பாலும் அது வீண். இழைத்துத் தேய்க்கத் தேர்ந்த ஆள் ஒருநாளில் இரண்டு மூன்று கட்டைகளை முடித்துவிடுவான். பலகை காத்துக்கிடக்கும் இடம் ரெசின் பூசும் அறை. அடிப்பக்கம் பூச வேண்டும், இறுக வேண்டும், திருப்பிப்போட்டு மேற்பக்கம் பூச வேண்டும், இறுக வேண்டும், துணியின் இழைத்தடம் மறைய மேற்பூச்சு, அடியில் துடுப்புப் பொருத்தும் கூடு, பின்பு உப்புத்தாள், சில சமயம் மெருகுப்பூச்சு. ஒவ்வொன்றின் பின்னும் காத்திருத்தல் உண்டு.

ஓர் எளிய கணக்குச் சொல்லுகிறேன். அறையில் ஆறு தாங்கிகள் இருக்கின்றன என்றும், ஒரு பலகை தாங்கியில் மூன்று நாள் கிடக்கவேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தால் பன்னிரண்டு பலகைதான் வெளிவரும். இழைக்கும் ஆளை இரட்டித்தாலும் பன்னிரண்டே. வாசலில் இழைத்த கட்டைகள் அடுக்கிக் கிடக்கும், அவற்றில் போட்ட பணமும் கிடக்கும். இறுகும் காலத்தை இரண்டு நாளாகக் குறைத்தால், ஒரு சிப்பந்தியையும் சேர்க்காமலே பதினெட்டு ஆகும். பாலியெஸ்டர் ரெசினைச் சூரிய ஒளியின் புற ஊதாக்கதிரில் சில நிமிஷங்களில் இறுகச் செய்யும் முறை பட்டறைகளிற் பரவியதன் காரணம் இதுவே. எபாக்ஸியில் அவ்வாறு அவசரப்பட இயலாது. ரெசினுக்கு இவ்வளவு, கடினமாக்கிக்கு இவ்வளவு என்று செய்தவர் வகுத்த விகிதம் உண்டு. விரைவாக இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டினால், விரைவாக இறுகுவதற்கு மாறாக என்றும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அறையை இளஞ்சூட்டில் வைப்பதும் தாங்கிகளைக் கூட்டுவதுமே அங்கு வழி. ஆகையால் எபாக்ஸிப் பலகைக்கு அதிக விலை வைப்பவன் பேராசைக்காரன் அல்லன். அது பிடித்துக்கொள்ளும் நாளுக்கு விலை வைக்கிறான். கட்டையின் விலை, துணியின் விலை, ரெசினின் விலை இம்மூன்றையும் கூட்டிக் கொஞ்சம் இலாபம் வைத்து விற்பவனே, வேலை நிறைய இருந்தும் பணம் இல்லை என்று வருந்துகிறவன்.

அளவெடுத்துச் செய்யும் தொழிலுக்கு ஒரு பெரும் பாக்கியம் உண்டு. ஆர்டர் கொடுப்பவனிடம் அச்சாரம் வாங்கலாம். ஆகவே நடைமுதலில் ஒரு பகுதியை வாடிக்கைக்காரனே தருகிறான். விற்காத சரக்கு என்பதும் குறைவு. 1967, 1968-ஆம் ஆண்டுகளில் பலகையின் பாணி சடுதியில் மாறிற்று. ஒன்பது பத்தடி நீளமிருந்த பலகை, ஓரிரண்டு வருஷத்தில் ஏழடிக்கும் கீழே இறங்கிவிட்டது. நீண்ட பலகைகளைக் கிடங்கிலும் தூரதேசக் கடைகளிலும் நிரப்பியிருந்த பெரிய வியாபாரிகள் பலர் அப்போது நொடித்தனர். ஆர்டரின்பேரில் செய்தவன் அடுத்த கட்டையைச் சிறிதாக இழைத்துக்கொண்டு போனான். கடைகளுக்குக் கடனாகச் சரக்கு அனுப்பி விற்பனையைப் பெருக்குவது கண்ணுக்கு அழகாயிருக்கும். அந்த எண்ணிக்கையில் எவ்வளவு பணமாகத் திரும்பிற்று என்று பார்க்கவேண்டும்.

ஆனால் அளவு வேலை முழுவதும் ஒருவன் கையிலேயே இருந்தால் அவன் நோயுற்றால் பட்டறை நோயுறும். ஆதலின் அறிவைக் கையிலிருந்து ஏட்டுக்கு மாற்றவேண்டும். பழைய பட்டறைக்காரர்கள் பலகையின் நடுச்சட்டத்தின்மேல் வாங்குவோன் பெயர், நீளம், அகலம், கனம், தொடர் எண் இவற்றைப் பென்சிலால் எழுதி, அதன்மேல் ரெசினைப் பூசிவிடுவர். பலகை உள்ளவரை எழுத்தும் இருக்கும். அதே விவரங்களும், வாங்கியவன் எடையும், இப்போது பருமனை லிட்டர்க் கணக்கிலும் பட்டறை ஏட்டில் இருந்தால், மூன்று வருஷம் கழித்து அவன் வந்து, "அதைப்போல ஒன்று, சற்றே மெல்லியதாக" என்று கேட்டால் தடுமாற வேண்டியதில்லை. இன்று கம்ப்யூட்டரில் வரைந்த உருவத்தை இயந்திரமே கட்டையில் வெட்டிவிடுகிறது. கடைசித் தேய்ப்பு மட்டும் கையால். இதை இழிவென்று பேசும் மூத்த கைவேலைக்காரர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எல்லோர்க்கும் பொதுவான வெட்டு வேலையை இயந்திரத்திற்கு விட்டு, ஒருவனுக்கே உரிய கடைசி அளவைத் தன்னிடம் வைத்துக்கொள்பவன் தொழிலை இழக்கவில்லை. அந்தக் கடைசி அளவையும் விட்டுக்கொடுத்தால், அவன் போட்டியிட வேண்டியது பக்கத்துப் பட்டறையோடு அன்று. தாய்லாந்து தேசத்துச் சோன்புரியில் உள்ள கோப்ரா என்னும் பெருஞ்சாலையோடு. 1978-ல் நிறுவப்பட்ட அச்சாலை அச்சில் வார்த்துப் பல வியாபாரக் குறிகளுக்கும் பலகை செய்து தருகிறது. ஒரே மாதிரிப் பலகையை ஆயிரக்கணக்கில் செய்வதில் அதை நாலு பேர் பட்டறை வெல்லப்போவதில்லை.

சுகாதாரத்தைப் பற்றிச் சொல்லாமற் போனால் என் பேச்சு பாதிப் பேச்சாகும். பாலியூரிதேன் நுரை வார்ப்பதில் பயன்படும் டொலுயீன் டை-ஐசோசயனேட் என்னும் பொருள், 1984 டிசம்பரில் போபாலைப் பாழாக்கிய மெதில் ஐசோசயனேட்டின் இனத்தது. அவ்வளவு எளிதில் ஆவியாகாது; ஆயினும் மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமா உண்டாக்கவல்லது. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் ஆவி. எபாக்ஸியின் கடினமாக்கியால் தோல்நோய். ஒருமுறை எபாக்ஸி ஒருவன் உடம்புக்கு ஒவ்வாமற் போய்விட்டால், பின்னர் ஒரு துளி பட்டாலும் தடிப்பு எழும். அவன் அத்தொழிலையே விட நேரும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவன் முகமூடி அணியவும் கையுறை மாற்றவும் நேரத்தைச் செலவிடமாட்டான்; அவசரம் அவனுக்கு. ஆகவே முகமூடியும் காற்றுப்போக்கியும் முதலாளியின் பொறுப்பு. பட்டறை பெரிதாகும்போது ஆவியும் தூசியும் பெரிதாகின்றன என்பதை இடம் வாடகைக்குப் பிடிக்கும்போதே நினைக்கவேண்டும். ஆளின் மூச்சைத் தின்று வளரும் தொழிலை நான் விருத்தி என்று சொல்லமாட்டேன்.

இவையெல்லாம் கலிபோர்னியாவின் கதையாயிற்றே, நமக்கு என்ன என்பீர்கள். ஹோபி ஆல்ட்டர் 1968-ல் தொடங்கிய மற்றொரு தொழில் இரட்டையுடல் பாய்ப்படகு. அதற்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் நம் 'கட்டுமரம்' என்னும் சொல்லிலிருந்து போனதே. இது நிற்க, வேறொரு நேரான தொடர்பும் உண்டு. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குப் பள்ளிகள் நடக்கின்றன. மீனவர் பிள்ளைகள் அவ்வித்தையில் தேர்ந்திருக்கின்றனர். 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் முதன்முறையாக இவ்விளையாட்டு இடம்பெற்றது. நம் கரை நெடுக 'ஃபைபர்' படகு செய்யும் கொட்டகைகளும் உள்ளன. கண்ணாடியிழையையும் ரெசினையும் கையாளத் தெரிந்த ஆட்கள் நம்மிடமே இருக்கின்றனர் என்பதே இதன் பொருள்.

ஆயினும் படகு வேலை வேறு, பலகை வேலை வேறு. படகுக்கு நறுக்கிய இழைகளாலான பாயை விரித்து ரெசினைத் தாராளமாக ஊற்றுவார்கள். கனம் அங்கே குற்றமன்று. பலகைக்கு நெய்த மெல்லிய துணியை விரித்து, துணி நனைந்தபின் மிகுதியான ரெசினை ரப்பர்ப் பட்டையால் வழித்தெடுத்துவிட வேண்டும். ஊற்றக் கற்ற கை வழிக்கக் கற்கவேண்டும். நம் கரையின் வெப்பத்தில் ரெசின் சீக்கிரம் கெட்டியாகிவிடும். கலிபோர்னியாக்காரன் எழுதிய அளவை அப்படியே பின்பற்றினால், துணியை வழித்து முடிக்குமுன் கிண்ணத்திலேயே இறுகி நிற்கும். விடியற்காலையில் பூசுவதும், சிறிது சிறிதாகக் கலப்பதும் இங்குத் தகும்.

தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு நான் முதலிற் சொல்வது பலகை செய்யாதீர்கள் என்பதே. உடைந்த பலகையைச் சீர்செய்யுங்கள். அதற்கு முதல் அதிகம் வேண்டாம். அச்சுக் கட்டை வேண்டாம். எவ்விடத்தில் பலகை ஒடிகிறது, எவ்விடத்தில் தோல் உரிகிறது, எங்கே நீர் புகுகிறது என்பதைப் பிறர் செலவில் கற்கலாம். வாடிக்கைக்காரனும் தானே வருவான். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வந்த பலகையின் உள்ளே இருப்பது பாலியூரிதேனா, தெர்மாகோலா என்று உடைந்த இடத்தைப் பார்த்தறிக. தெர்மாகோலாயின் சிறுசிறு மணிகளாகத் தெரியும். அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால், அதிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்து, விரற்கடை ஓட்டையைச் சாண் பள்ளமாக்கிவிடும். அதற்கு எபாக்ஸி ஒன்றே ஆகும். பாலியூரிதேனுக்கு இரண்டும் ஆகும்.